கடன் கொடுத்த வங்கியிடம் கணக்குக் கேட்பது: சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

சேலத்தைச் சுற்றிச் சாலையை அகலப்படுத்தினாலும், குடிநீர்க் குழாய் பதித்தாலும், தரிசு நிலத்தில் சூரிய மின்தகடுகளை நிறுவினாலும், வேலை நடக்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கும். ஒப்பந்தக்காரர் பெயரையும் மதிப்பீட்டுத் தொகையையும் எல்லோரும் படிக்கிறார்கள். அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘நிதி உதவி’ என்ற வரியை நின்று படிப்பவர்கள் குறைவு. அந்த வரியில் ஒரு பொது முதலீட்டு வங்கியின் பெயர் இருந்தால், அந்த வங்கி தன் காலநிலைக் கொள்கையை இந்த இடத்தில் கடைப்பிடித்ததா, அதன் பணத்தைப் பெற்ற நிறுவனம் இந்த நாட்டுக்குச் சேர வேண்டிய வரியை வெளிநாட்டுக்கு நகர்த்துகிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க இங்கே குடியிருப்பவருக்கு இடமுண்டு. எப்படிக் கேட்பது என்பதைத்தான் எழுதுகிறேன். கூட்டுறவு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஆவணங்களின் பக்கமே என் எழுத்து சாயும்.

பொது முதலீட்டு வங்கி என்பது அரசுகள் பங்குதாரர்களாக இருந்து, அவற்றின் உத்தரவாதத்தின் பேரில் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டி, நீண்ட காலக் கடன் தருகிற அமைப்பு. 1958-இல் தொடங்கி லக்சம்பர்க்கில் இயங்கும் ஐரோப்பிய முதலீட்டு வங்கிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளே உரிமையாளர்கள். பெங்களூரு மெட்ரோ ரயிலுக்கு அது கடன் கொடுத்திருக்கிறது. மணிலாவில் உள்ள ஆசிய வளர்ச்சி வங்கி, வாஷிங்டனில் உள்ள உலக வங்கியும் அதன் தனியார் துறைக் கிளையான சர்வதேச நிதிக் கழகமும், பெய்ஜிங்கில் உள்ள ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றில் அரசு வாங்கும் கடனைத் திருப்பிச் செலுத்துவது நம் வரிப்பணம் என்பதும், தனியார் நிறுவனம் வாங்கும் கடனுக்குப் பின்னால் நிற்பதும் ஏதோ ஒரு நாட்டு மக்களின் வரிப்பணம் என்பதும் மறந்துவிடக் கூடாதவை. வரியின் மீது நிற்கும் வங்கி, வரியைத் தவிர்க்கும் நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பதில் உள்ள முரண்பாட்டை எந்த வங்கியின் செய்தித் தொடர்பாளரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. காலநிலைக் குறையையும் வரிக் குறையையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து அனுப்பிய முதல் மனு 11 பக்கம் இருந்தது. வெட்டிய மரங்கள், வற்றிய கிணறு, கடன் பெற்ற நிறுவனத்தின் வெளிநாட்டுத் தாய் நிறுவனம், அதன் லாபக் கணக்கு என்று எல்லாவற்றையும் அதில் கொட்டியிருந்தோம். வரி பற்றிய பகுதி தங்கள் வரம்புக்குள் வராது என்ற ஒரே வரிப் பதிலோடு மொத்த மனுவும் திரும்பி வந்தது. மரங்களைப் பற்றி மட்டும் இரண்டு பக்கத்தில் மறுபடி எழுதியபோது அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு கேள்விகளுக்கும் ஆதாரம் ஒரே கட்டுக் காகிதத்தில் கிடைக்கும் என்றாலும், அவை நுழைய வேண்டிய கதவுகள் வெவ்வேறு.

யாருடைய பணம் என்று உறுதி செய்வது

பலகையில் பெயர் இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லையென்றால், திட்டத்தை நடத்தும் துறைக்கோ மாநகராட்சிக்கோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும். வட்டார ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தின் 6-ஆம் பிரிவே சொல்வதால், மத்திய அரசு நிறுவனத்துக்கும் சேலத்திலிருந்து தமிழில் எழுதலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. ‘இத்திட்டத்தின் நிதி ஆதாரம் என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘அரசு நிதி’ என்று பதில் வரும். கடன் ஒப்பந்தத்தின் எண், கையெழுத்தான நாள், கடன் முடிவடையும் நாள் (திருப்பிக் கட்டி முடிக்கும் நாள் அல்ல, வங்கியிடமிருந்து பணம் பெறும் காலம் முடியும் நாள்), கடனளிப்பவர் பெயர், திட்டத்துக்காக வங்கிக்குச் சமர்ப்பித்த சுற்றுச்சூழல் ஆவணங்களின் பட்டியல் என ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடன் முடிவடையும் நாள் ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தனியார் நிறுவனமாக இருந்தால் வழி வேறு, ஆனால் கடினமில்லை. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு நிறுவனம் தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். ஆண்டறிக்கைப் படிவத்தில் பங்குதாரர்களின் பெயர்களும், நிதிநிலை அறிக்கையில் கடன் விவரங்களும் இருக்கும். நான் முதலில் திறந்து பார்ப்பது சொத்தின் மீதான பொறுப்பைப் பதிவு செய்யும் படிவத்தைத்தான். கடனுக்காக அடமானம் வைத்த சொத்தைக் குறிப்பிடும் அந்தப் படிவத்தோடு ஒப்பந்தப் பத்திரத்தையும் இணைத்திருப்பார்கள். கடன் கொடுத்தவர் யார், எந்த வட்டி, எந்த நிபந்தனை என்பது நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் இல்லாவிட்டாலும் அங்கே கிடைத்துவிடும்.

மூன்றாவது வகைதான் தலைவலி. வெளிநாட்டு வங்கி நேராகக் கடன் கொடுக்காமல் இந்திய நிதி நிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுக்கும்; அது பிரித்து நூறு நிறுவனங்களுக்குக் கொடுக்கும். இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமைக்கு ஐரோப்பிய முதலீட்டு வங்கி கொடுத்த கடன்கள் இப்படிப்பட்டவை. சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பிக்கு ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் நாடுகளின் அரசு நிதி அமைப்புகள் கொடுத்தவையும் இப்படிப்பட்டவையே. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை எரிசக்திச் சிக்கனக் கடன் வாங்கியிருந்தால், அதன் ஊற்று எங்கே என்பது ஆலை முதலாளிக்கே தெரியாமல் இருக்கலாம். இந்த இடைத்தரகு அமைப்பில்தான் பெரிய வங்கிகளின் கொள்கைகள் கரைந்துபோகின்றன என்பது என் கருத்து. ஆனால் இடையில் நிற்பது அரசு நிறுவனம் என்றால் அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும். வாடிக்கையாளர் ரகசியம் என்று மறுத்தால், 2015 டிசம்பரில் ரிசர்வ் வங்கிக்கும் ஜெயந்திலால் மிஸ்திரிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மேல்முறையீட்டில் எடுத்துக் காட்டுங்கள். வங்கிகளின் ஆய்வறிக்கைகளை நம்பிக்கை உறவு என்ற பெயரில் ரிசர்வ் வங்கி மறைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. ஒவ்வொரு முறையும் அது வெற்றி தரும் என்று சொல்ல மாட்டேன். மறுப்புக்கான காரணத்தை அவர்கள் எழுத்தில் விளக்க வேண்டிய நிலையை அது உண்டாக்கும்.

எந்த நேரத்தில் கேட்பது

ஒப்புதலுக்குப் பின் எழுதும் பத்து மனுக்களை விட, ஒப்புதலுக்கு முன் எழுதும் ஒரு கடிதத்துக்கு வலு அதிகம். ஐரோப்பிய முதலீட்டு வங்கி ஒரு திட்டத்தை இயக்குநர் குழுவின் முன் வைப்பதற்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன் தன் பட்டியலில் வெளியிட வேண்டும். சர்வதேச நிதிக் கழகம் அதிக ஆபத்துள்ள திட்டங்களை 60 நாளுக்கு முன்பும், நடுத்தர ஆபத்துள்ளவற்றை 30 நாளுக்கு முன்பும் வெளியிடுகிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல், சமூகக் காப்புக் கொள்கை, மிகுந்த பாதிப்புள்ள திட்டங்களின் வரைவு மதிப்பீட்டறிக்கையை 120 நாளுக்கு முன் வெளியிடச் சொன்னது. இந்தப் பட்டியல்களை மாதம் ஒருமுறை ‘தமிழ்நாடு’ என்ற சொல்லைப் போட்டுத் தேடிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. ஊரில் நாலு பேர் முறைவைத்துக்கொண்டு செய்தால் யாருக்கும் சுமையில்லை.

ஒரு திட்டத்துக்கு எந்தக் கொள்கை பொருந்தும் என்பது, அந்தக் கடன் ஒப்புதலான நாளில் எது நடைமுறையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. உலக வங்கியின் இன்றைய சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பு 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய திட்டங்களுக்குப் பழைய விதிகளே பொருந்தும். புதிய கொள்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பழைய கடனுக்குப் பொருத்தினால் மனு அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

இந்தியச் சட்டத்தை விட வங்கியின் விதி கடுமையாக இருப்பது உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை வழக்கை நாம் யாரும் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அறிவிக்கையை வெளியிடும் கட்டத்தில் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று சொல்லி அறிவிக்கையின் முக்கியப் பகுதியை ஏற்றது. அந்தத் திட்டத்தில் வெளிநாட்டு வளர்ச்சி வங்கியின் கடன் பிரச்சினையாக எழவில்லை. எழுந்திருந்தால், மக்களோடு கலந்து பேசியதற்கான சான்று, இடம்பெயர்வதற்கு முன்பே இழப்பீடு வழங்குதல் ஆகிய வங்கி விதிகள் நீதிமன்றத்துக்கு வெளியே வேறொரு மேடையைத் தந்திருக்கும்.

காலநிலைக் கேள்வியைக் கட்டமைப்பது

‘உங்கள் வங்கி பூமியைச் சூடாக்குகிறது’ என்று எழுதுவதில் பயனில்லை. வங்கி தானே எழுதிவைத்த ஒரு வாக்கியத்தைத் தேடி எடுங்கள். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2019 நவம்பரில் ஏற்ற எரிசக்திக் கடன் கொள்கையின்படி, 2021 இறுதியோடு புகை கட்டுப்படுத்தப்படாத புதைபடிவ எரிபொருள் திட்டங்களுக்கு, இயற்கை எரிவாயு உட்பட, கடன் நின்றுவிட்டது. மின் உற்பத்தித் திட்டமானால் ஒரு யூனிட்டுக்கு 250 கிராம் கரியமில வாயு என்பது வரம்பு. 2025-க்குள் தன் நிதியில் பாதிக்கு மேல் காலநிலைக்கும் சுற்றுச்சூழலுக்கும் போகும் என்றும் அது உறுதி சொன்னது. ஆசிய வளர்ச்சி வங்கியும் 2021-ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கையில் புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கடன் இல்லை என்றது. இவை அச்சில் உள்ள வாக்குறுதிகள். உங்கள் மனுவின் முதல் பத்தியில் இவற்றில் ஒன்று, அந்த ஆவணத்தின் பத்தி எண்ணோடு இருக்க வேண்டும். இரண்டாவது பத்தியில் உங்கள் ஊரில் நடந்தது, சர்வே எண்ணோடு இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் புகார்.

எண்களைச் சரிபார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. இந்திய மின்தொகுப்பிலிருந்து வாங்கும் ஒரு மெகாவாட்-மணி (ஆயிரம் யூனிட்) மின்சாரத்துக்குச் சுமார் 0.7 டன் கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கையொட்டிய அளவு. ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் மின்சாரம் பயன்படுத்தும் ஆலை என்றால் 10,000 மெகாவாட்-மணி. அதாவது ஏறத்தாழ 7,000 டன். கடன் ஆவணத்தில் 3,000 டன் என்று போட்டிருந்தால், மீதி எங்கே போயிற்று என்று கேட்கலாம். ஜவ்வரிசி ஆலை என்றால் மின்சாரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக் கழிவுநீர்க் குட்டையை விட்டுவிட்டார்களா என்று பாருங்கள்; மரவள்ளிக் கழிவுநீர் மூடாத குட்டையில் தேங்கினால் மீத்தேன் கிளம்புகிறது, நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பம் பிடிப்பது. அதே கழிவுநீரை மூடிய கலனில் செரிக்கவைத்து எரிவாயு எடுக்கும் ஆலைகளும் நம் மாவட்டத்தில் இருப்பதால், முடியாது என்ற வாதம் இங்கே செல்லாது.

சாலைத் திட்டங்களில் வேறு ஒரு தந்திரம் உண்டு. நெரிசல் குறைந்து வண்டிகள் சீராக ஓடுவதால் புகை குறையும் என்று கணக்கு எழுதுவார்கள். அகலமான சாலை புதிதாக இழுத்து வரும் வண்டிகளை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ‘திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்’ என்ற அடிப்படைக் கணக்கைக் கேட்டு வாங்கினால், பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும்.

புகையை மட்டுமே கேட்டு நிறுத்திக்கொள்வதும் தவறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். சேர்வராயன் மலையில் இனி ஒரு சாலை, ஒரு தடுப்பணை, ஒரு விடுதி வளாகம் பொதுப் பணத்தில் எழுந்தால், அதன் வடிகாலை எந்த ஆண்டு வரையிலான மழைத் தரவை வைத்து வடிவமைத்தார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். காலநிலை ஆபத்து மதிப்பீடு செய்ததாக இந்த வங்கிகள் எல்லாத் திட்டத்திலும் சொல்லிக்கொள்கின்றன. அந்த மதிப்பீட்டின் நகலைக் கேட்டால் சில நேரம் ஒரே பக்கம் வரும்.

உள்நாட்டு ஆவணங்களை மறக்க வேண்டாம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. அந்த அறிக்கையில் நிறுவனம் அரசுக்குச் சொன்னதும், வங்கிக்குக் கொடுத்த அறிக்கையில் சொன்னதும் வேறுபட்டால், அதைவிடப் பெரிய ஆதாரம் உங்களுக்குத் தேவையில்லை.

வரிக் கேள்வி

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்ள வேண்டும். வருமானத்தை மறைப்பது வரி ஏய்ப்பு, அது குற்றம். சட்டத்தின் இடுக்குகளைப் பயன்படுத்தி, வேலை நடக்காத நாட்டில் லாபம் வந்ததாகக் காட்டுவது வரித் தவிர்ப்பு. அது பல நேரங்களில் சட்டத்துக்குள்ளேயே நிற்கும். நீங்கள் ‘ஏய்ப்பு’ என்று எழுதி நிரூபிக்க முடியாமல் போனால் அவதூறு வழக்கு வரலாம். ‘தவிர்ப்பு’ என்று எழுதி, வங்கியின் சொந்தக் கொள்கை அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு வங்கியுடையது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். மேட்டூர்ச் சாலையில் ஒரு சூரிய மின் நிறுவனம், முதலீடு 100 கோடி. தாய் நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது. 10 கோடியைப் பங்காகவும் 90 கோடியை 14 சதவீத வட்டிக் கடனாகவும் போடுகிறது. வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய வருமானம் 20 கோடி, தேய்மானம் 7 கோடி. மீதி 13 கோடி. தாய் நிறுவனத்துக்கு வட்டி 12 கோடியே 60 லட்சம். ஆக இங்கே லாபம் வெறும் 40 லட்சம். 22 சதவீத அடிப்படை விகிதத்தில் வரி 8 லட்சத்து 80 ஆயிரம். இந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் 2017 முதல் ஒரு வரம்பு இருக்கிறது: வெளிநாட்டுத் தொடர்பு நிறுவனத்துக்குக் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் போனால், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய வருமானத்தில் 30 சதவீதம் வரைதான் செலவாகக் கழிக்க முடியும். நம் கணக்கில் அது 6 கோடி. வரிக்குரிய லாபம் 7 கோடியாகி, வரி 1 கோடியே 54 லட்சமாக உயர வேண்டும். நிறுவனம் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையின் வரிக் குறிப்பில் இந்தத் திருத்தம் தெரிகிறதா என்று பார்ப்பது, கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் முடியும்.

அந்த அறிக்கையில் நீங்கள் படிக்க வேண்டிய பக்கம் ‘தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்’ என்ற குறிப்பு. தாய் நிறுவனத்துக்கு வட்டி, தொழில்நுட்பக் கட்டணம், வணிகப் பெயருக்கான உரிமத்தொகை, நிர்வாகச் சேவைக் கட்டணம் என்று போகும் தொகைகள் அங்கே வரிசையாக இருக்கும். பத்து சதவீதத்துக்குக் குறையாத இறுதிப் பயன் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதற்கும் நிறுவனம் தனி அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும். இரண்டையும் வைத்து ஒரு தாளில் கட்டம் போட்டுக் கோடு இழுத்தால், சேலத்தில் உள்ள நிலத்துக்கும் கடைசி உரிமையாளருக்கும் இடையே எத்தனை நாடுகள் என்பது தெரிந்துவிடும். இதே தாள் காலநிலை மனுவுக்கும் உதவும். கடனுக்கு உண்மையில் பொறுப்பாளர் யார் என்பதை அதுவே காட்டும்.

வங்கி பக்கம் உள்ள விதி என்ன? ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2019-இல் திருத்திய கொள்கை, வரி விஷயத்தில் ஒத்துழைக்காத நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வெளியிடும் பட்டியலில் உள்ள இடங்களில் பதிவான நிறுவனங்களுடன் புதிய கடன் உறவு வைத்துக்கொள்வதைப் பொதுவாகத் தடுக்கிறது. திட்டமே அங்கே நடந்தால் விலக்கு. நல்ல விதிதான். ஆனால் 2017 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்த அந்தப் பட்டியலில் ஒன்றியத்தின் உறுப்பு நாடு எதுவும் இடம்பெறாது. வங்கியின் தலைமையகம் இருக்கும் லக்சம்பர்க்கின் ரகசிய வரி ஒப்பந்தங்கள் 2014-இல் கசிந்து உலகம் முழுக்கச் செய்தியானதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எனவே பட்டியலில் நாட்டின் பெயர் இல்லை என்ற பதிலோடு திருப்திப்படாமல், அந்த நாட்டில் நிறுவனத்துக்கு ஊழியர், அலுவலகம், உண்மையான வணிகம் உண்டா என்று வங்கி விசாரித்ததா என்று கேளுங்கள். இந்தியாவுக்கு நெடுங்காலம் முதலீடு வந்த வழியான மொரிஷியஸ் உடனான வரி ஒப்பந்தம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய பங்குகளின் விற்பனை லாபத்துக்கு இங்கே வரி விதிக்கும் உரிமை கிடைத்தது. ஆகவே பழைய முதலீடா புதிய முதலீடா என்பதும் ஒரு நல்ல கேள்வி.

முன்மாதிரியாக ஜாம்பியாவின் மோபானி செப்புச் சுரங்கத்தைச் சொல்வேன். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2005-இல் அதற்குக் கடன் கொடுத்தது. 2011-இல் கசிந்த தணிக்கை அறிக்கை, செப்பை உரிமைக் குழுமமான கிளென்கோருக்குக் குறைந்த விலைக்கு விற்று லாபத்தை நகர்த்தியதாகச் சந்தேகம் எழுப்பியது, நிறுவனம் மறுத்தது. தன்னார்வ அமைப்புகளின் புகாருக்குப் பின் வங்கி புதிய கடன்களை நிறுத்தி விசாரணை நடத்தியது. ஆனால் விசாரணை அறிக்கையை வெளியிட மறுத்ததால் விவகாரம், ஒன்றியத்தின் அமைப்புகள் மீதான குறைகளை விசாரிக்கும் ஐரோப்பிய முறைமன்ற நடுவர் வரை போனது. 2020-இல் ஜாம்பியாவின் உச்ச நீதிமன்றம் இதே விற்பனை விலைப் பிரச்சினையில் நிறுவனம் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வரியை மீட்டது அந்த நாட்டு வரித்துறை. வங்கியைத் தலைகுனிய வைத்தது புகார். இரண்டு கதவுகளையும் தட்டியதால்தான் இரண்டும் நடந்தன.

எந்தக் கதவு

காலநிலை, நிலம், நீர், வாழ்வாதாரம் பற்றிய புகார்களுக்கு ஒவ்வொரு வங்கியிலும் தனி அமைப்பு இருக்கிறது. அவற்றில் முதலாவதான உலக வங்கியின் ஆய்வுக் குழு 1993-இல் பிறந்ததற்கே நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களின் எதிர்ப்புதான் காரணம் என்பதை நாம் உரிமையோடு சொல்லலாம். அங்கே பாதிக்கப்பட்டவர் குறைந்தது இருவர் சேர்ந்து எழுத வேண்டும். கடன் முடிந்து 15 மாதம் வரை நேரமுண்டு. முதலில் வங்கி நிர்வாகத்திடம் முறையிட்டதற்குச் சான்று வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கியின் 2012-ஆம் ஆண்டுக் கொள்கையின்படியும் இருவர் வேண்டும், கடன் முடிந்து இரண்டு ஆண்டு வரை எழுதலாம். கடன் முடிவடையும் நாளைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த வங்கியில் கடன் பெறும் உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி எதிலும் புகார் கொடுக்கலாம் என்பதால், இலங்கையின் ஆட்சிமொழி என்ற தகுதியிலேயே தமிழுக்கு அங்கே இடமுண்டு. சர்வதேச நிதிக் கழகத்தின் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு ஒருவரே எழுதலாம். பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்கலாம். ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் புகார் அமைப்போ நீங்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை; விவரம் தெரிந்து ஓராண்டுக்குள் எழுதினால் போதும். பதில் பிடிக்காவிட்டால் ஐரோப்பிய முறைமன்ற நடுவரிடம் போகலாம். அவர் பொதுவாக ஒன்றியத்தில் வாழ்பவர்களின் புகாரைத்தான் எடுப்பார் என்றாலும், இந்த வங்கி தொடர்பாக வெளிநாட்டவர் எழுதினால் தாமாக முன்வந்து விசாரிப்பதாக 2008-ஆம் ஆண்டிலிருந்து ஓர் உடன்பாடு இருக்கிறது.

வரிக் கேள்வியை உலக வங்கிக் குழுமத்தின் அமைப்புகளுக்கோ ஆசிய வளர்ச்சி வங்கியின் அமைப்புக்கோ அனுப்பினால், எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் புகார் அமைப்பு மட்டும் வங்கி தன் கொள்கையை மீறிய எந்த நிர்வாகத் தவறையும் ஏற்பதால், வரிக் கொள்கை மீறலும் அதற்குள் வரும். மற்ற வங்கிகளில் ஊழல், மோசடியை விசாரிக்கும் நேர்மைப் பிரிவுக்கும் இயக்குநர் குழுவுக்கும் எழுத வேண்டும். உலக வங்கியிலும் ஆசிய வளர்ச்சி வங்கியிலும் இந்தியாவின் சார்பில் அமரும் இயக்குநருக்கும், டெல்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கும் நகல் போக வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்தால் எழுத்து வடிவக் கேள்வியாக மாற வாய்ப்புண்டு. ஏய்ப்புக்கே ஆதாரம் இருந்தால் வருமான வரித்துறையின் இணையதளத்தில் வரி ஏய்ப்பு மனு தாக்கல் செய்யலாம். அதன் முடிவை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்

இந்த அமைப்புகள் நீதிமன்றங்கள் அல்ல. திட்டத்தை நிறுத்தவோ இழப்பீடு விதிக்கவோ அவற்றுக்கு அதிகாரம் இல்லை. குஜராத்தின் முந்த்ராவில் நிலக்கரி மின்நிலையத்துக்குச் சர்வதேச நிதிக் கழகம் 2008-இல் 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது, மீனவர்களின் புகாரை விசாரித்த குறைதீர்ப்பு அலுவலகம் 2013-இல் அவர்கள் பக்கம் உண்மை இருப்பதாகச் சொன்னது, நிர்வாகம் அசையவில்லை. மீனவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தக் கழகத்துக்கு வழக்குகளிலிருந்து முழு விலக்குரிமை கிடையாது என்ற தீர்ப்பை 2019 பிப்ரவரியில் பெற்றார்கள். அதன் பின் கீழ் நீதிமன்றங்கள் வேறு காரணத்தால் வழக்கைத் தள்ளிவிட்டன. வென்றார்களா தோற்றார்களா என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல முடியாது. அதற்குப் பின் இந்த வகை வங்கிகள் எல்லாமே வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புகாரைப் படிக்கின்றன.

நம் மாவட்டத்துக்கே ஓர் அனுபவம் உண்டு. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி என்பது வங்கி அல்ல, ஆனால் பொதுப் பணம். அதன் நெறிமுறைக் குழு வேதாந்தா குழுமத்தின் நான்கு இந்திய நிறுவனங்களை ஆராய்ந்தது. அவற்றில் ஒன்று மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலை. சுற்றுச்சூழல் சேதத்தையும் மனித உரிமை மீறலையும் காரணம் காட்டிக் குழு பரிந்துரைக்க, 2007 நவம்பரில் அந்த நிதி வேதாந்தாவிலிருந்து விலகியதை அறிவித்தது. உள்ளூரில் சேர்ந்த சாட்சியங்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மிரட்டல் பற்றி ஒரு சொல். கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவராவது நிறுவனத்தில் வேலையோ ஒப்பந்தமோ இல்லாதவராக இருக்கட்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்ற கோரிக்கையை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள், கடைசியில் சேர்த்தால் சில நேரம் அதற்குள் நகல் நிறுவனத்துக்குப் போயிருக்கும். உடன்படும் பக்கத்து ஊர்க்காரர்களின் வாக்குமூலங்களை நாள், இடம், சர்வே எண்ணோடு தனித்தனித் தாளில் வாங்கி, மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸை மட்டும் அனுப்புங்கள். புகைப்படம் எடுத்தால் கைப்பேசியில் நாளும் இடமும் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மனுவை மின்னஞ்சலில் அனுப்பிய பிறகும் ஒரு பிரதியை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஐரோப்பிய முதலீட்டு வங்கி பத்து வேலை நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். வராவிட்டால், பதினோராம் நாள் அந்த ரசீது எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் நினைவூட்டல் அனுப்புங்கள்.